அட்டைக்கு அடியில் ஒரு சிரட்டை: அணுவுக்குப் படம் போட்ட கதை

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஏறி இறங்கிய இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மணல் ஒரே நிறமாக இருக்காது. கறுப்பாக ஒரு பட்டை, அதன் ஓரத்தில் மாதுளை முத்தைப் பொடித்துத் தூவியது போலச் சிவப்பு, இடையிடையே வெள்ளை. ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் காயவைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மணி மணியாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். கறுப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்குவதில் சிர்க்கானும் உண்டு. இவற்றுக்கு நடுவே தேன் நிறத்திலோ மங்கிய மஞ்சளிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகள் கிடைக்கும். அதுதான் மோனசைட். அதற்குள் தோரியம் என்ற தனிமம் இருக்கிறது.

அந்த மஞ்சள் மணிக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தெறித்துக்கொண்டே இருக்கின்றன. யாரும் சூடு காட்டவில்லை, கரண்ட் கொடுக்கவில்லை. தானாகவே தெறிக்கின்றன. ஆல்பா துகள் என்று அதற்குப் பெயர். குறுக்கே ஒரு தாளைப் பிடித்தாலே நின்றுபோகும். அணுவின் நடுவில் என்ன இருக்கிறது என்பதை மனிதருக்கு முதன்முதலாகக் காட்டிக்கொடுத்தது இந்த வகைத் துகள்தான்.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அதே 1909-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இருட்டறை ஒன்றில், ஆல்பா துகள் தங்கத்தில் பட்டுத் திரும்பி வருவதை இரண்டு பேர் பார்த்தார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் பாடம் நடத்தும்போது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. (மணல் எடுப்பதைப் பற்றி நம் கடற்கரை ஊர்களில் பெரிய வாக்குவாதம் உண்டு. முக்கியமான விஷயம், தனியாக எழுத வேண்டியது. இங்கே மணலுக்குள் இருக்கும் அணுவோடு நின்றுகொள்கிறேன்.)

குளச்சல் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். அணு அமைப்புப் பாடம் தொடங்கினாலே ஒரு கேள்வி வந்துவிடும். போன வருடம் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: “சார், அணுவை யாருமே பார்க்கலன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி டால்டன் ஒரு படம், தாம்சன் ஒரு படம், ரூதர்ஃபோர்டு ஒரு படம்னு போட்டாங்க? அதுல எது சரி?”

“உங்க அப்பா கடலுக்குப் போறவர்தானே மக்கா? தண்ணிக்கு அடியில பாரு எங்க கிடக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டைத்தான் பாரு என்பார்கள். வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வலை எந்த இடத்தில் மாட்டிக் கிழிந்தது, தூண்டில் கயிற்றின் ஈயக்குண்டு எத்தனை ஆழத்தில் தட்டியது, கலவா மீன் எங்கே கிடைக்கிறது என்பதை வைத்துப் பாரு எங்கே, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சரிவு என்று சொல்லிவிடுவார்கள். நாளைக்கு வலை வேறொரு இடத்திலும் கிழிந்தால் மனதில் இருக்கும் படத்தை மாற்றிக்கொள்வார்கள். அணுவுக்குப் போட்ட படங்களும் இப்படி வந்தவைதான். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு கிழிந்த வலை இருக்கிறது. எந்த வலை, எங்கே கிழிந்தது என்று தெரிந்துகொண்டால் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

எண்ணி வாங்குவதும் அளந்து வாங்குவதும்

பொருளைப் பிளந்துகொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பிளக்க முடியாது என்று கிரேக்கத்தில் டெமாக்ரிடஸ் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார். நம் நாட்டில் வைசேஷிகம் என்ற தத்துவப் பிரிவு பரமாணுவைப் பற்றிப் பேசியது. பெரிய சிந்தனைகள். ஆனால் யாரும் தராசைத் தொடவில்லை.

தராசைத் தொட்டவர்களின் கணக்கை வைத்துப் பேசியவர் ஜான் டால்டன். இங்கிலாந்தில் ஒரு நெசவாளியின் மகன். மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1787-இல் தொடங்கி 1844-இல் சாகும்வரை அன்றாடம் மழை, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவந்தார். வருடத்தில் இரண்டு பருவமழை பார்க்கிற நமக்கு இப்படிப்பட்ட ஆளின் அருமை தெரியும். காற்றில் நீராவி எப்படிக் கலந்து நிற்கிறது என்று யோசிக்கப்போய்த்தான் அவர் அணுவிடம் வந்து சேர்ந்தார்.

அவர் கண்ட விஷயத்தைச் சந்தைக் கணக்கில் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயை அளந்து வாங்குகிறோம். 200 மில்லியும் கேட்கலாம், 215 மில்லியும் கேட்கலாம். தேங்காயை எண்ணி வாங்குகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றேகால் தேங்காய் என்று கேட்க முடியாது. தனிமங்கள் ஒன்றோடொன்று சேர்வது எண்ணெய் மாதிரியா, தேங்காய் மாதிரியா?

கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு வாயுக்கள் உண்டாகின்றன. கார்பன் மோனாக்சைடில் 3 கிராம் கார்பனுக்கு 4 கிராம் ஆக்சிஜன். கார்பன் டைஆக்சைடில் அதே 3 கிராம் கார்பனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். நாலு, எட்டு. சரியாக இரண்டு மடங்கு. ஐந்தேகால், ஆறரை என்று நடுவில் எதுவும் இல்லை. ஆக்சிஜன் எண்ணெய் மாதிரி எப்படி வேண்டுமானாலும் ஊற்றக்கூடிய பொருளாக இருந்தால் இந்த இரண்டு மடங்கு வர வேண்டிய அவசியமே இல்லை. அது தேங்காய் மாதிரி, முழுசு முழுசாகத்தான் வருகிறது. ஒரு கார்பனுக்கு ஓர் ஆக்சிஜன், அல்லது இரண்டு.

1803-இல் உருவான இந்த எண்ணத்தை 1808-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை, ஒரே குணம். வேறு தனிமம் என்றால் வேறு எடை. வேதிவினையில் அணுக்கள் இடம் மாறுமே தவிர உடையாது, அழியாது. படம் என்று பார்த்தால் வெறும் குண்டு. உள்ளே எதுவும் இல்லை. அவர் கையில் இருந்த சாட்சியம் எடை மட்டும்தான், எடையை விளக்க ஒரு குண்டே போதும். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றுதான் டால்டன் நினைத்தார். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் ‘எண்ணித்தான் சேரும்’ என்ற அடிப்படை இன்றுவரை அசையவில்லை.

பழைய டிவிக்குள் ஓடியது

பின்பக்கம் துருத்திக்கொண்டு, தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்த பழைய டிவி நினைவிருக்கிறதா? இப்போதைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், வீட்டில் கேளுங்கள். அதன் திரையருகே காந்தத்தைக் கொண்டுபோனால் படம் ஒரு பக்கமாக இழுபட்டு நிறம் மாறும். காந்தம் எதை இழுக்கிறது? டிவியின் பின்னாலிருந்து திரையை நோக்கிப் பாய்ந்து வரும் எலக்ட்ரான்களை. அந்த டிவியின் பாட்டன்தான் மின்னிறக்கக் குழாய்.

கண்ணாடிக் குழாய் ஒன்றின் உள்ளே இருக்கும் காற்றை முடிந்த மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையில் மிக அதிக மின்னழுத்தம் கொடுத்தால் எதிர்மின் தகடான கேதோடிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் புறப்பட்டு எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒளிரவைக்கும். அதைக் கேதோடு கதிர் என்றார்கள். அது ஒளியைப் போன்ற அலையா, துகளா என்று பல வருடம் சண்டை.

1897-இல் கேம்பிரிட்ஜ் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் ஜே.ஜே. தாம்சன் அந்தக் கதிரைக் காந்தத்தாலும் வளைத்தார், மின்புலத்தாலும் வளைத்தார். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து அந்தத் துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் கிடைத்தது. அப்புறம் அவர் செய்ததைத்தான் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வேன். குழாயில் வாயுவை மாற்றிப் பார்த்தார். தகட்டின் உலோகத்தை மாற்றிப் பார்த்தார். விகிதம் மாறவே இல்லை. அலுமினியத்திலிருந்து வந்தாலும் பிளாட்டினத்திலிருந்து வந்தாலும் ஒரே துகள். மிக லேசானது. இன்றைய அளவீட்டில், மிகச் சிறிய அணுவான ஹைட்ரஜனின் நிறையில் சுமார் 1,837-இல் ஒரு பங்கு.

எல்லா அணுவுக்குள்ளும் ஒரே மாதிரியான ஒரு துண்டு இருக்கிறது, அதை வெளியே எடுக்கவும் முடிகிறது. உடைக்கவே முடியாது என்ற டால்டனின் குண்டு உடைந்துவிட்டது. எலக்ட்ரான் என்ற பெயர் பிறகு நிலைத்தது.

எலக்ட்ரான் எதிர்மின் கொண்டது. அணுவோ மின்சுமை இல்லாதது. அப்படியானால் அதைச் சமன்செய்ய நேர்மின் எங்கோ இருக்க வேண்டும். எங்கே? அதற்கு யாரிடமும் சாட்சியம் இல்லை. 1904-இல் தாம்சன் ஒரு படம் போட்டார். அணு முழுவதும் நேர்மின் பரவிய ஓர் உருண்டை, அதற்குள்ளே எலக்ட்ரான்கள். நம் பாடப்புத்தகத்தில் தர்பூசணியும் அதன் விதையுமாக வரும். ஆங்கிலேயர்கள் ஒரு பழப் பலகாரத்தைச் சொல்வார்கள். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வீடு ப்ளம் கேக் வெட்டுகிற நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. கேக் நேர்மின், உலர்திராட்சை எலக்ட்ரான். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். கேக்கில் திராட்சை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். தாம்சனின் எலக்ட்ரான்கள் உருண்டைக்குள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றுபவை. தர்பூசணியைப் பார்த்தால் இது தெரியாது, தேர்விலும் கேட்க மாட்டார்கள். ஆனால் தாம்சன் எவ்வளவு யோசித்தார் என்பது இதில்தான் இருக்கிறது.

சிரட்டையும் கோலிக்குண்டும்

இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்த ஒரு அட்டை என்னிடம் இருக்கிறது. நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்து அதன்மேல் அட்டையைப் படுக்கப் போடுவேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அட்டைக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, நகராமல் இருக்க அடியில் களிமண் வைத்து அழுத்திவிடுவேன். உள்ளே வந்த பிறகு அவர்கள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் கோலிக்குண்டு. அட்டையைத் தூக்கக்கூடாது, குனிந்து பார்க்கக்கூடாது. குண்டை உருட்டி அது எந்த வழியாக வெளியே வருகிறது என்று மட்டும் பார்க்கலாம். உள்ளே போன வழியையும் வெளியே வந்த வழியையும் அட்டையின் மேல் சாக்பீஸால் கோடு போட வேண்டும்.

முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் நேராக மறுபக்கம் வந்துவிடும். பையன்கள் “ஒண்ணுமே இல்ல சார்” என்பார்கள். திடீரென்று ‘டொக்’ என்று சத்தம். குண்டு சற்று விலகி வேறு பக்கமாக வரும். வகுப்பு அமைதியாகிவிடும். அடுத்து எல்லோரும் அதே இடத்தைக் குறிவைத்து உருட்டுவார்கள். ஒன்று அப்படியே உருட்டியவன் கையிடமே திரும்பி வரும். அரை மணி நேரத்தில் அட்டை முழுவதும் கோடுகள். கோடுகள் வளைகிற இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு கையளவு வட்டம். “சின்னதா, உருண்டையா, நடுவுல ஒண்ணு இருக்கு” என்று ஒருத்தி சொல்வாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், “முக்கால்வாசி நேரா போச்சு, கொஞ்சம்தான் இடிச்சுது, அதனால சின்னது” என்பாள். 1911-இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு எழுதிய கட்டுரையின் சாரமும் அதுதான்.

ரூதர்ஃபோர்டு நியூசிலாந்தில் பிறந்தவர். 1895-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்து தாம்சனிடமே மாணவராகச் சேர்ந்தார். பிறகு கனடாவின் மாண்ட்ரியலில் தோரியத்தை வைத்துப் பல வருடம் வேலை பார்த்தார். தோரியம் கதிரை உமிழ்ந்து தானே வேறொரு தனிமமாக மாறுகிறது என்று அவரும் ஃபிரெடரிக் சாடியும் அங்கே கண்டார்கள். ஆல்பா என்ற பெயரை வைத்தவரும் ரூதர்ஃபோர்டுதான். 1907-இல் மான்செஸ்டருக்கு வந்தார். ஆல்பா துகளை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று குறைவு. எலக்ட்ரானைப் போல 7,000 மடங்குக்கும் மேல் கனமானது, நேர்மின் கொண்டது, அவர்கள் பயன்படுத்திய துகள்களின் வேகம் நொடிக்கு 15,000 கிலோமீட்டருக்கும் மேல். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஒரே நொடியில் இரண்டு தடவை போய்த் திரும்புகிற வேகம்.

இந்தக் குண்டை உருட்டத் தங்கத் தகடு. வடசேரியில் கோயில் நகைக்குத் தங்க ரேக்கு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தங்கத்தை எவ்வளவு மெல்லிசாக அடிக்கலாம் என்று தெரியும். மூச்சு பட்டால் பறக்கும். ரூதர்ஃபோர்டு தன் கட்டுரையில் சொல்லும் தகட்டின் தடிமன் 0.00004 சென்டிமீட்டர். அவ்வளவு மெல்லிசிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு அடுக்குகள் இருக்கும்.

சோதனையைச் செய்தவர்கள் ஹான்ஸ் கைகரும், அப்போது 20 வயது மாணவராக இருந்த எர்னஸ்ட் மார்ஸ்டனும். தகட்டைத் தாண்டி வரும் ஆல்பா துகள் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் பட்டால் மினுக்கென்று ஒரு பொட்டு ஒளி தெரியும். அதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒளி அவ்வளவு மங்கல் என்பதால், எண்ணத் தொடங்கும் முன் கும்மிருட்டில் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். ஓகி புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் இருந்த அந்த இரவுகளில், கொஞ்ச நேரம் போனதும் முற்றத்துத் தென்னை கண்ணுக்குத் தெளிவதை நாம் பார்த்தோமே, அதே கண்பழக்கம்தான். அப்படி உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். எண்ணி அலுத்த கைகர் பின்னாளில் தானாக எண்ணும் கருவியை மேம்படுத்தினார். கைகர் கவுண்ட்டர் என்று இன்று சொல்வது அதைத்தான். மோனசைட் மணலருகே பிடித்தால் அது படபடவென்று தட்டும்.

தாம்சனின் கேக் சரியென்றால் என்ன நடக்க வேண்டும்? நேர்மின் அணு முழுவதும் மெல்லிசாகப் பரவியிருக்கிறது. எந்த ஓர் இடத்திலும் பலமான தள்ளல் கிடையாது. எலக்ட்ரானோ ஆல்பாவுக்கு முன்னால் தூசு. ஆகவே துகள்கள் எல்லாம் லேசாகச் சாய்ந்து மறுபக்கம் வந்துவிட வேண்டும். பெரும்பாலானவை அப்படித்தான் வந்தன. ஆனால் ஏறத்தாழ 20,000-க்கு ஒன்று பக்கவாட்டில் 90 பாகை அளவுக்குத் திரும்பியது. சில வந்த வழியே திரும்பின. 15 அங்குலப் பீரங்கிக் குண்டை மெல்லிய காகிதத்தின் மேல் சுட்டு, அது திரும்பி வந்து நம்மையே தாக்கியது போல இருந்தது என்று ரூதர்ஃபோர்டு பின்னாளில் சொன்னார்.

20,000-இல் ஒன்றை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. இரண்டு வருடம் போல யோசித்துக் கணக்குப் போட்டு, 1911-இல் ரூதர்ஃபோர்டு எழுதினார்: அணுவின் மின்சுமை ஒன்று நடுவில், மிக மிகச் சின்ன இடத்தில் குவிந்திருக்கிறது. அணுவின் நிறையில் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான். அந்த நடுப்பொருளுக்கு உட்கரு என்று பெயர் வந்தது. சிரட்டைச் சோதனைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பாகப் பதிந்துவிடும். கோலிக்குண்டு சிரட்டையில் இடித்துத் திரும்புகிறது. ஆல்பா துகள் தங்கத்தின் உட்கருவைத் தொடுவதே இல்லை. இரண்டும் நேர்மின், அதனால் நெருங்க நெருங்கத் தள்ளல் கூடும். இரண்டு காந்தங்களின் ஒரே முனைகளை எதிரெதிரே பிடித்துப் பார்த்தால் கை உணரும்.

உட்கரு எவ்வளவு சின்னது? முக்கடல் முனையில் நிற்கும் வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, சுமார் 40 மீட்டர். அந்த உயரமே விட்டமாக ஓர் உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தங்க அணு என்றால் அதன் உட்கரு 2 மில்லிமீட்டர், ஒரு கடுகு. வள்ளுவருக்கும் கடுகுக்கும் பழைய உறவு உண்டு என்பதால் பிள்ளைகள் இதை மறப்பதே இல்லை. அந்த 40 மீட்டர் உருண்டையில் கடுகைத் தவிர மீதி இடத்தில் 79 எலக்ட்ரான்கள் மட்டும். அணுவின் நிறை முழுக்க அந்தக் கடுகில். பாடப்புத்தகத்துப் படத்தில் உட்கருவை ஒரு நாணயம் அளவு வரைகிறார்களே, அதே அளவில் அணுவை வரைய வேண்டுமானால் தாள் சுமார் அரை கிலோமீட்டர் நீளம் வேண்டும்.

சோறு பொங்கி வழியும்போது

எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றி ரூதர்ஃபோர்டு 1911 கட்டுரையில் அதிகம் பேசவில்லை. சூரியனைக் கோள்கள் சுற்றுவது போல உட்கருவைச் சுற்றலாம் என்று வைத்துக்கொண்டால் பெரிய சிக்கல் ஒன்று வருகிறது. மின்சுமை கொண்ட பொருள் வளைந்து சுற்றினால் ஆற்றலை ஒளியாக உமிழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். அது அன்றைக்கு நன்றாக நிறுவப்பட்ட விதி. ஆற்றல் குறையக் குறைய எலக்ட்ரான் சுருண்டு சுருண்டு உட்கருவில் விழுந்துவிடும். கணக்குப் போட்டால் ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான். அப்படி நடந்தால் மணலும் இல்லை, கடலும் இல்லை, நாமும் இல்லை. வலை இங்கே கிழிந்தது.

இதைத் தைத்தவர் டென்மார்க்கின் நீல்ஸ் போர். 1911-இல் தாம்சனிடம் வந்து, 1912-இல் ரூதர்ஃபோர்டிடம் போனார். தாம்சனின் மாணவர் தாம்சனின் படத்தை மாற்றினார், ரூதர்ஃபோர்டிடம் படித்தவர் ரூதர்ஃபோர்டின் படத்தை மாற்றினார். யாரும் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

போர் பிடித்த நூல், ஒளி. உங்கள் அடுக்களையிலேயே பார்க்கலாம். உப்புப் போட்டு எதையாவது வேகவைக்கும்போது பொங்கி வழிந்தால் நீலமாக எரிந்த கேஸ் அடுப்பின் தீ பளிச்சென்று மஞ்சளாகும். சாமித்தோப்பு உப்பளத்து உப்பானாலும் சரி, பாக்கெட் உப்பானாலும் சரி, அதே மஞ்சள். உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம் அது. அந்த ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்தால் வானவில் மாதிரி எல்லா நிறமும் வராது. 589 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே நெருங்கிய இரண்டு மஞ்சள் கோடுகள்தான் பிரதானமாகத் தெரியும். ஹைட்ரஜனுக்குக் கண்ணுக்குத் தெரிகிற நான்கு கோடுகள்: 656, 486, 434, 410 நானோமீட்டர். ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகை மாதிரி அதற்கே உரிய கோடுகள். சுவிட்சர்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த யோகான் பால்மர், ஹைட்ரஜனின் அந்த நான்கு எண்களும் ஒரே சூத்திரத்தில் அடங்குவதை 1885-இல் கண்டுபிடித்தார். ஏன் அடங்குகின்றன என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. 28 வருடம் அந்தச் சூத்திரம் காரணம் தெரியாமலே கிடந்தது.

எலக்ட்ரான் எந்த உயரத்திலும் சுற்றலாம் என்றால் எல்லா நிறமும் வர வேண்டும். குறிப்பிட்ட நிறங்கள் மட்டும் வருகின்றன என்றால் குறிப்பிட்ட உயரங்கள் மட்டும்தான் அனுமதி. 1913-இல் போர் சொன்னது இதுதான். மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. ஒரு படியில் இருக்கும்வரை எலக்ட்ரான் ஒளியை உமிழாது. மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது இரண்டுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வெளியே வரும். பாலத்துப் படிகள் ஒரே உயரம். அணுவின் படிகள் அப்படி இல்லை. ஹைட்ரஜனில் முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு 10.2 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அளவு), அடுத்ததற்கு 1.9 மட்டும், மேலே போகப்போக இன்னும் குறையும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் வருவதுதான் 656-இல் தெரியும் சிவப்புக் கோடு. பால்மரின் சூத்திரத்தைப் பார்த்த உடனே எல்லாம் தெளிந்துவிட்டது என்று போர் பின்னாளில் சொன்னார்.

படிகளுக்குப் பாடத்தில் கூடு என்று பெயர்: K, L, M என்று எழுதுவதைக் கே, எல், எம் என்று படிப்போம். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8. சோடியத்துக்கு 11 எலக்ட்ரான்கள் என்பதால் 2, 8, 1. வெளிக்கூட்டில் தனியாக நிற்கும் அந்த ஓர் எலக்ட்ரான் அடுப்புச் சூட்டில் மேலேறி, திரும்ப இறங்கும்போது வருவதுதான் அந்த மஞ்சள். படம் போடத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த ஒற்றை எலக்ட்ரானை எங்கே பார்த்தாய் என்று கேட்டால் ‘அடுப்பில்’ என்று பதில் வர வேண்டும் என்பது என் ஆசை.

போரின் கணக்கு ஹைட்ரஜனுக்கு அச்சாகப் பொருந்தியது. இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஹீலியத்திலேயே தடுமாறிவிட்டது. சோடியத்தின் மஞ்சள் ஏன் ஒன்றாக இல்லாமல் இரட்டைக் கோடாக இருக்கிறது என்பதற்கும் அதில் விடை இல்லை. 1920-களின் நடுவில் வந்த குவாண்டம் இயக்கவியல் வட்டப்பாதைகளை எடுத்துவிட்டு, எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லும் மேகத்தை வைத்தது. அது பதினோராம் வகுப்பில் வரும். ஆற்றல் படிகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

கடைசியாக உட்கரு. ஹைட்ரஜனின் உட்கருவுக்குப் புரோட்டான் என்ற பெயரை ரூதர்ஃபோர்டு 1920-இல் வைத்தார். ஆனால் கணக்கு இடித்தது. ஹீலியம் உட்கருவின் மின்சுமை 2, நிறையோ 4. மீதி இரண்டு எங்கிருந்து வந்தது? மின்சுமை இல்லாத துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று அதே வருடம் அவர் சொன்னார். பன்னிரண்டு வருடம் தேடி, 1932-இல் அவருடைய மாணவர் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெரிலியத்தின் மேல் எறிந்ததும் ஆல்பா துகளைத்தான்.

இப்போது அந்தத் தேன் நிற மணலுக்கு வரலாம். தோரியம் அணுவின் உட்கருவில் 90 புரோட்டான், 142 நியூட்ரான். நின்று நிதானமாக இருக்க முடியாத கூட்டம். ஏதோ ஒரு கணத்தில் அதிலிருந்து 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே தெறிக்கும். அதுதான் ஆல்பா துகள். மிச்சம் 88 புரோட்டான், 140 நியூட்ரான். இப்போது அது தோரியம் இல்லை, ரேடியம். இப்படி ஒரு பிடி தோரியத்தில் பாதி மாறி முடிய 1,400 கோடி வருடம் ஆகும். பூமியின் வயதே சுமார் 450 கோடி வருடம்தான். அதனால்தான் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இன்னும் மிச்சம் இருக்கிறது.